மட்கலமும் நீலத் தீயும்

மதுவைப் பற்றி எழுதும்படி தமிழ்ப் பண்டிதன் ஒருவனை எவரும் கேட்பதில்லை. கேட்டாலும் அவன் எழுதுவதில்லை. எழுத நேர்ந்தாலும், திருக்குறளின் 93ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமைக்கு ஓர் உரை விளக்கம் எழுதி, அதனோடு அமைந்துவிடுவான். முப்பது ஆண்டுகளாக அவ்வதிகாரத்தைக் கற்பித்துவரும் யான், மதுவுக்குத் தீமூட்டிப் பரிமாறுவோர் எவ்வாறு பிழைத்துக்கொள்வது, அதற்கேற்ற பீங்கான் கலம் யாது என்று ஆராயப் புகுந்தேனாயின், அதற்கு ஒரு காரணம் இருத்தல் வேண்டுமன்றோ? அக்காரணம் வண்ணாத்திவில்லில் இருக்கின்றது. அதன் வலக்கையில் வெண்துணிக் கட்டொன்றும் இருக்கின்றது.

புத்தளத்திலிருந்து வடக்கு நோக்கிப் பழைய மன்னார் வழியிற் செல்வோர் வண்ணாத்திவில்லை அடைவர். வில்லு என்பது மழைநீர் தேங்கி நிற்கும் ஆழமற்ற இயற்கை நீர்நிலை. அயலே கிடக்கும் வில்பத்துக் காட்டின் பெயரிலும் அச்சொல்லே ஒலிக்கின்றது. வண்ணாத்தி என்பது ஆடை வெளுப்பவளைக் குறிக்கும். ஈழத்தார் வழக்கில் வண்ணாத்திப்பூச்சி என்பது சிறகு விரித்துத் திரியும் அந்த அழகிய பூச்சியையும் குறிக்கும். மேற்கே புத்தளக் களப்பு. அதற்கப்பால் கற்பிட்டிக் குடாநாடு. அதற்கும் அப்பால் பெருங்கடல். களப்பின் இக்கரையில் வறுமையும் அக்கரையில் வெளிநாட்டார் வந்து தங்கும் விடுதிகளும் இருத்தலால், இக்கரை இளைஞர் சிலர் அக்கரையில் ஊழியஞ் செய்கின்றனர். அவருள் ஒருவன் எங்கள் கீழைமொழிக் கல்லூரியிற் சில காலம் என்னிடம் தமிழ் கற்றவன்.

அவன் கையிற் சுட்டுக்கொண்டான் என்று கேள்வியுற்றுச் சென்ற விடுமுறையில் அவன் வீட்டுக்குப் போனேன். தாயார் திண்ணையிற் பாய் விரித்து, "ஐயா, இருங்கோ" என்று தேநீர் கொணர்ந்தார். அவனோ எழுந்து நின்று, கட்டுப் போட்ட கையைப் பின்னே மறைத்துக்கொண்டான். பாடம் ஒப்புவிக்கத் தவறிய நாளிலும் அவன் இவ்வாறே நிற்பதுண்டு.

நடந்தது என்ன?

விடுதியின் பெயரைக் கூறுதல் ஈண்டு வேண்டப்படுவதன்று. அங்கே புதிதாக ஒரு கலவை மதுவை விருந்தினர்க்கு வழங்கத் தொடங்கினர். மனித முகம் பொறித்து மெருகிட்ட மட்கோப்பை ஒன்று. அதனுட் பனிக்கட்டி, அன்னாசிச் சாறு, தேசிக்காய்ச் சாறு, தென்னஞ் சாராயம். எல்லாவற்றுக்கும் மேலாகக் கடுஞ்சாராயம் ஒரு கரண்டியளவு மெல்ல வார்த்து, அதற்குத் தீ மூட்டிக் கொண்டுபோய் வைத்தல் வேண்டும். விருந்தினர் வியந்து கைதட்டுவர்.

ஒருநாள் மாலை, மின்விளக்குகள் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்த வேளையில், அவன் கோப்பையில் எரிந்த தீ அணைந்துவிட்டதென்று எண்ணினான். உண்மையில் அஃது அணையவில்லை. மதுசாரத்தின் சுடர் மெல்லிய நீலநிறமுடையது. வெளிச்சத்திற் கண்ணுக்குப் புலனாகாது. விருந்தினர் காத்திருக்கின்றனரே என்ற பதற்றத்தில், போத்தலைச் சாய்த்து மேலுஞ் சிறிது வார்த்தான். வீழ்ந்த தாரையைப் பற்றிக்கொண்டு தீ போத்தலின் வாயை நோக்கி ஏறிற்று. அவன் வெருண்டு கையை இழுத்தபோது சாராயம் மிகுதியாகச் சிந்திற்று. பனிப்பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த கோப்பை, அந்தப் பெருந்தீயைத் தாங்கமாட்டாது விளிம்பிலிருந்து அடிவரை பிளந்தது. எரியும் நீர் மேசையிலும் அவன் கையிலும் ஓடிற்று. விருந்தினர்க்கு ஊறு நேரவில்லை. அது தெய்வச் செயல்.

"தம்பி, எப்படிச் செய்ய வேண்டுமென்று ஒருவரும் சொல்லித் தரவில்லையோ?" என்று கேட்டேன்.

அவன் ஒரு தாளைக் கொணர்ந்து தந்தான். ஆங்கிலத்தில் அச்சிட்டது. எரியுங் கலத்திலும் அணைந்த கலத்திலும் மீண்டும் வார்த்தலாகாது என்று மூன்றாம் வரியிலேயே தெளிவாக எழுதியிருந்தது.

"இதை நீ வாசிக்கவில்லையா?"

"வாசித்தேன் ஐயா. முழுதும் பாடமாக்கியும் வைத்திருந்தேன். சொல்லெல்லாம் வாயில் வரும். பொருள்தான் தெரியாது."

அவ்விடையைக் கேட்டு யான் வாய்மூடி இருந்தேன். என் வகுப்பில் அவன் நிகண்டுச் சூத்திரங்களைப் பிழையின்றி ஒப்புவித்து முதற்புள்ளி பெற்றவன். பொருள் கேட்டேனா என்று நினைத்துப் பார்த்தேன். கேட்டதாக நினைவில்லை. சொல்லைப் பாடமாக்கினாற் போதும் என்று அவனுக்குக் கற்பித்தவருள் யானும் ஒருவன். விடுதியார் பிழை ஒருபுறம் கிடக்க, அந்தக் கட்டின் கீழ் இருந்த கொப்புளத்தில் எனக்கும் பங்குண்டு.

புறப்படும்போது அவன், "ஐயா, இதைத் தமிழில் எழுதித் தாருங்கள். எனக்குப் பின் வருகிற பொடியன்களுக்கு உதவும்" என்றான். கள்ளுண்ணாமை கற்பிப்பவன் கள்ளைப் பரிமாறும் முறை எழுதுவதா என்று ஒரு நொடி தயங்கினேன். குடிப்பவனுக்கு அறிவுரை கூறல் வேறு, வயிற்றுப்பாட்டுக்காகப் பரிமாறுபவனின் கையைக் காத்தல் வேறு என்று தெளிந்தேன். எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன்.

ஒப்புக்கொண்ட பின்னரே, யான் இதனை அறியேன் என்பது புலனாயிற்று. அயற் பாடசாலை விஞ்ஞான ஆசிரியர் ஒருவரிடமும், மட்பாண்டம் வனைவார் ஒருவரிடமும் மாணவனாய்ப் போய் இருந்தேன். அங்கு கற்றதைச் சொல்லுகின்றேன்.

தீயின் இயல்பு

மதுவில் எரிவது நீர்ப்பொருள் அன்று; அதிலிருந்து எழும் ஆவியே எரிகின்றது. போதிய ஆவி எழுதற்கு ஒரு வெப்பநிலை வேண்டும். அதற்குக் கீழே தீக்குச்சியைக் காட்டினாலும் பற்றாது; மேலே பொறி பட்டாலும் பற்றும். நூற்றுக்கு 10 பங்கு மதுசாரமுள்ள நீர் ஏறத்தாழ 49 பாகை செல்சியசிற் பற்றும். 20 பங்காயின் 36 பாகையில். 40 பங்காயின் 26 பாகையில். தூய மதுசாரமாயின் 13 பாகை அளவிலேயே பற்றும்.

இவ்வெண்களிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படும். முதலாவது, கள் எரியாது. புளித்தலால் மட்டும் உண்டாகும் மது ஏறத்தாழ 15 பங்கைக் கடப்பது அரிது. அந்த அளவில் நொதியே மடிந்துபோம். தென்னங் கள்ளோ அதனினும் மெல்லியது. ஆதலின் முட்டியிலும் பிளாவிலும் இருக்கும் கள்ளுக்குத் தீக்குச்சியால் அச்சமில்லை. காய்ச்சி வடித்த சாராயத்துக்கே அச்சமுண்டு. சங்கச் சான்றோர் நறவு என்றும் தேறல் என்றும் பலபடப் பாடினும், அவற்றைக் கொளுத்திய செய்தியை யான் அந்நூல்களிற் கண்டதில்லை. அவர் பருகியவை கொளுத்தினாலும் பற்றாதவை.

இரண்டாவது உண்மை நம் கரையோரத்துக்கே உரியது. குளிர்நாட்டு நூல்கள், மதுவைச் சிறிது சூடாக்கியபின் தீ மூட்டுக என்று கூறும். அங்கே அறையின் வெப்பம் 20 பாகையிலும் குறைவாயிருத்தலால் அது பொருந்தும். கற்பிட்டியிலும் புத்தளத்திலும் நிழலிற்கூட 30 பாகை உண்டு. சூடாக்காமலே நம் சாராயம் பற்றும் நிலையில் இருக்கின்றது. போத்தலின் வாயைத் திறந்த கணமே ஆவி வெளிப்பட்டு நிற்கின்றது. குளிர்நாட்டுத் தாளை அப்படியே மொழிபெயர்த்துத் தருவோமாயின், சொல்லிற் பிழையிராது, கை வெந்துபோம். மொழிபெயர்ப்பாளர் வானிலையையும் பெயர்த்தல் வேண்டும்.

எரிகின்ற கலத்திற் போத்தலைச் சாய்ப்பதே எல்லாவற்றினும் கொடிது. தாரை வழியே ஏறிய தீ போத்தலுள் இருக்கும் ஆவியைப் பற்றுமாயின், போத்தல் பீரங்கியாகி எதிரே நிற்பவர்மேல் நெருப்பை உமிழும். 75.5 பங்கு மதுசாரம் கொண்டதாய், 2016ஆம் ஆண்டுவரை விற்கப்பட்ட பகார்டி 151 என்னும் உறம் மதுவின் போத்தல் வாயிற் கம்பிவலை ஒன்று பொருத்தியிருந்தனர். தீ உட்புகாமற் காத்தற்கே அவ்வலை.

இஃது ஆசிரியராகிய நமக்கும் உரிய எச்சரிக்கை. 2014ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதம் அமெரிக்காவின் டென்வர் நகரப் பாடசாலை ஒன்றில், மெதனோலை எரித்துக் காட்டிய பாடவேளையில், தீ இவ்வாறே பாய்ந்து மாணவர் எரிகாயமுற்றனர். அணைந்ததென்று எண்ணிய கிண்ணத்தில் மீண்டும் வார்ப்பது மதுச்சாலைக்கு மட்டும் உரிய பிழையன்று. நம் ஆய்வுகூடத்துச் சாராய விளக்கை எரியும்போதே நிரப்ப முயலும் மாணவனும் அதே பிழையைச் செய்கின்றான்.

தீயிட்டால் மதுவின் போதை எரிந்துபோம் என்று சிலர் கருதுவர். அதுவும் மயக்கமே. உணவின்மேல் மது வார்த்துக் கொளுத்துமிடத்து, ஏறத்தாழ முக்காற் பங்கு மதுசாரம் எரியாமல் எஞ்சி நிற்கும் என்று அமெரிக்க வேளாண்மைத் துறையார் கணக்கிட்டுள்ளனர்.

கலத்தின் இயல்பு

மட்பாண்டம் வனைவாரிடம், "1000 பாகைச் சூளையில் வெந்து பிழைத்த கலம், ஒரு கரண்டிச் சாராயத்தின் தீக்கு ஏன் பிளக்கின்றது?" என்று கேட்டேன். அவர் நகைத்து, "சூளையிலே மெல்லச் சூடேற்றி மெல்ல ஆறவிடுகிறோம், ஐயா" என்றார். அவ்வளவே விடை. கலத்தைக் கொல்வது வெப்பம் அன்று; வெப்பத்தின் விரைவு.

மண் வெப்பத்தை எளிதிற் கடத்தாது. உட்புறம் சூடேறி விரிய முயலும். புறமோ குளிர்ந்து விரியாது நிற்கும். பனிக்கட்டியால் அடி குளிர்ந்தும் தீயால் விளிம்பு கனன்றும் இருக்குமாயின், ஒரே கலத்தின் ஈரிடங்கள் இருவேறு வழியில் இழுக்கும். உலோகமாயின் சிறிது வளைந்துகொடுக்கும். மட்கலம் வளைந்துகொடாது, பிளக்கும். முன்னரே மயிரிழைக் கீறல் ஒன்று இருக்குமாயின், பிளவு அவ்வழியே ஓடும்.

மெருகு என்பது கலத்தின்மேல் உருகிப் படிந்த கண்ணாடியே. மணலில் உள்ள சிலிக்கா அதற்கு முதற்பொருள். புத்தளம் மாவட்டத்தின் தென்பாகத்து நாத்தாண்டியா வெண்மணல், கண்ணாடி செய்தற்குப் பெயர்பெற்றது. தங்கொட்டுவையிற் பீங்கான் தொழிலகம் 1984ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. ஆகவே இம்மாவட்டத்தார்க்கு மெருகு புதுப்பொருள் அன்று. உள்ளிருக்கும் மண்ணும் மேலிருக்கும் கண்ணாடியும் சூட்டில் ஒரே அளவாக விரிந்து சுருங்காவிடின், மெருகில் வலைபோன்ற நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். அவ்வெடிப்பின் வழியே நீர் புகுந்து மண்ணில் ஊறும். ஊறிய நீர் சூட்டில் ஆவியாகிக் கலத்தை உள்ளிருந்தே நெருக்கும். மிகுந்த சூட்டில் வெந்து இறுகிய பீங்கான் நீரை உறிஞ்சாது; குறைந்த சூட்டில் வெந்த மண் உறிஞ்சும். இரண்டுக்கும் மேலே ஒரே பளபளப்பு இருத்தலாற் கண் ஏமாறும்.

மற்றொரு தீங்கு ஓசையின்றி வருவது. சில மெருகுகளில் ஈயமும், செந்நிற மஞ்சள்நிறப் பூச்சுகளிற் கட்மியமும் சேர்வதுண்டு. நன்கு வேகாத மெருகாயின், தேசிக்காய், அன்னாசி போன்றவற்றின் புளிப்பு அவற்றைக் கரைத்துப் பானத்திற் கலக்கும். இதனைச் சோதித்தற்கு நூற்றுக்கு 4 பங்கு அசற்றிக்கமிலம் கலந்த நீரைக் கலத்தில் நிரப்பி, 24 மணிநேரம் வைத்து, கரைந்த ஈயத்தையும் கட்மியத்தையும் அளப்பது உலக வழக்கு. அந்நீர் ஏறக்குறைய நம் வீட்டு வினாகிரியே. அலங்காரத்துக்கென்று விற்கும் கலத்தில் அச்சோதனை நடந்திராது. அது தட்டிலிருந்து நம்மைப் பார்த்துக்கொண்டு இருக்கத்தக்கது. உதட்டில் வைக்கத்தக்கது அன்று.

எங்கிருந்து வந்தது இவ்வழக்கம்?

மதுவைக் கொளுத்திக் காட்டும் வேடிக்கை மேலைநாட்டார்க்குப் பழையது. நத்தார்ப் பண்டத்தின்மேற் பிராந்தி ஊற்றிக் கொளுத்துதலை நம் நாட்டுப் பழைய பங்களா வீடுகளும் அறியும். 1862ஆம் ஆண்டு அமெரிக்கராகிய செறி தோமசு வெளியிட்ட நூலில், எரியும் விசுக்கியை ஒரு குவளையிலிருந்து மற்றொன்றுக்குத் தாரையாக மாற்றி வார்க்கும் முறை கூறப்பட்டுள்ளது. ஆனால் அவர் கொண்டவை கைப்பிடியுள்ள உலோகக் குவளைகள். வித்தை காட்டுபவரும் கலத்திற் கவனமாகவே இருந்தார்.

இசுப்பானியாவின் கலீசியாவில் மட்கலத்திலேயே கொளுத்துவர். கெய்மாதா என்பது அதன் பெயர். அகன்ற மட்சட்டியில் வடித்த மது, சீனி, தேசிக்காய்த் தோல், கோப்பிக் கொட்டை இட்டு, நடுவில் வைத்து, அகப்பையாற் கிளறிக் கிளறி எரியவிட்டு, நீலச்சுடர் தாழ்ந்தபின் மூடியால் அணைத்து, வேறு கிண்ணங்களிற் பகிர்வர். அச்சட்டி அகன்றது, ஓரிடத்தில் அசையாது இருப்பது, எரியுங் கலத்தை எவரும் உதட்டில் வைப்பதில்லை.

முகம் பொறித்த கோப்பையோ வேறு குலம். 1930களிற் கலிபோர்னியாவில் தென்கடல் தீவுகளின் கோலம்பூண்ட மதுச்சாலைகள் தோன்றின. அக்கோலத்தில் வளர்ந்ததே இந்தக் கோப்பை. ஐரோப்பியர் சென்ற காலத்தில் பொலினீசியத் தீவினருட் பெரும்பாலார் மட்பாண்டமே வனையாதவர். காய்ச்சி வடித்த மதுவையும் அறியாதவர். அவர் பெயராற் கலிபோர்னியர் புனைந்த கலம் களப்புக் கரைக்கு வந்து, வண்ணாத்திவில்லுப் பிள்ளையின் கையைச் சுட்டது. உலகம் சிறுத்துவிட்டது என்பர், உண்மைதான்.

தாழி கண்ட மண்

இத்தனைக்கும், மண்ணையும் தீயையும் இணைக்கும் கலையை இவ்வூரார் எவரிடமும் கடன்வாங்க வேண்டியதில்லை. வண்ணாத்திவில்லுக்கு வடக்கே, கலாஓயாவுக்கு அப்பால், வில்பத்துக் காட்டுப் பகுதியிற் பொன்பரிப்பு என்னும் இடம் உள்ளது. ஆங்கே 1920களில் ஓகாட்டும், 1950களில் தெரணியகலவும், 1970ஆம் ஆண்டில் விமலா பெக்லி முதலியோரும் அகழ்ந்து, இறந்தோரின் என்புகளை இட்டுப் புதைத்த தாழிகளைக் கண்டனர். கடலுக்கப்பால் திருநெல்வேலிச் சீமையின் ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு இவற்றை அறிஞர் ஒப்பிடுவர். கணவனை இழந்த ஒருத்தி, தனக்கும் இடமிருக்கத் தாழியை அகலமாக வனைக என்று குயவனை வேண்டும் புறநானூற்றுப் பாட்டைக் கற்றவர்க்கு, இந்நிலம் அந்நியமாகத் தோன்றாது.

அத்தாழிகளோடு கருஞ்செம்மட்கலங்களும் கிடைத்தன. உள்ளும் விளிம்பும் கருமை, வெளியே செம்மை. மண்ணில் உள்ள இரும்பு, காற்றுப் படும் இடத்திற் சிவக்கும். காற்றுப் படாது புகை சூழும் இடத்திற் கறுக்கும். ஒரே கலத்தில் இரண்டையும் வருவித்த குயவன், தீக்குக் காற்றைக் கொடுத்தலும் மறுத்தலும் தன் விருப்பப்படி செய்ய வல்லனாயிருந்தான். கண்ணாடி மெருகை அவன் அறியான். தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினான். தீயை அடக்கும் வித்தை காற்றை மறுத்தல் என்பதை அவன் நன்கறிந்திருந்தான். மூடியால் மூடி அணைத்தல் என்று இன்று நாம் கூறுவதும் அதுவே.

நம் கோயில் வழக்கங்களிலும் அவ்வறிவு மறைந்து கிடக்கின்றது. கற்பூரச் சட்டி ஏந்தும் பெண்டிர் வெறுஞ்சட்டியை ஏந்துவதில்லை. அடியில் ஏதேனும் வைத்தே ஏந்துவர். கற்பூரம் கட்டியாதலால் சிந்தி ஓடாது. வெள்ளிதோறும் அம்மன் முன்றிலில் ஏற்றும் தேசிக்காய் விளக்கை நோக்குக. பாதித் தேசிக்காயைச் சாறு பிழிந்து, புரட்டிக் கிண்ணமாக்கி, அதனுள் நெய்யும் திரியும் இட்டு ஏற்றுவர். ஈரத்தோல் தீயைக் கலத்துக்குக் கடத்தாது. மேலைநாட்டு மதுச்சாலையாருள் அறிவுடையோரும் இன்று இதனையே செய்கின்றனர். பாதித் தேசிக்காய்த் தோலிற் சில துளி மது இட்டு, பானத்தின்மேல் மிதக்கவிட்டு, அதனை மட்டும் கொளுத்துகின்றனர். தீ நடுவே நிற்கும், விளிம்பைத் தீண்டாது. நம் பாட்டிமார் அறியாத புதுமை இதில் என்ன இருக்கின்றது?

எழுதிக் கொடுத்த தாள்

இவையெல்லாம் கற்றபின் அமர்ந்து எழுதினேன். முதற்படி இவ்வாறு தொடங்கிற்று: "அழற்றகு மதுக்கலத்தைக் கையாளுமிடத்துப் பரிசாரகர் கடைப்பிடிக்கற்பாலன." எழுதிய எனக்கே அது மிக இனிதாயிருந்தது. வண்ணாத்திவில்லுக்குக் கொண்டுபோய் வாசித்தேன். மாணவன் பணிவோடு தலையசைத்தான். அவன் தாயார், "ஐயா, இது எதைப் பற்றின பாட்டு?" என்று கேட்டார். தாளை மடித்துப் பையில் இட்டுக்கொண்டேன்.

அன்று மாலை திண்ணையிலேயே இருந்து, அவன் ஒரு வரி சொல்ல யான் ஒரு வரி திருத்த, இருவருமாக எழுதியது இது:

"கோப்பையை முதலில் விரலாற் தட்டிப் பார். மணி போல ஒலித்தால் எடு. மொட்டையாக ஒலித்தால் விலக்கு. கீறல், உடைந்த விளிம்பு, வலைபோன்ற வெடிப்பு இருந்தால் விலக்கு. அலங்காரக் கோப்பையிற் குடிக்கக் கொடாதே.

பனிப்பெட்டியில் வைத்த கோப்பைக்குத் தீ வேண்டாம். ஈரக் கோப்பைக்கும் வேண்டாம்.

கிடுகுக் கூரைக்கு நேர்கீழே தீ மூட்டாதே. காற்றாடியை நிறுத்து. விளக்கொளியைக் குறை, நீலத்தீ தெரிய வேண்டும்.

தீ மூட்டுமுன் போத்தலை மூடித் தூரமாக வை. சாராயத்தைச் சூடாக்காதே, நம் ஊர் வெயிலே போதும்.

ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். அதையும் தேசிக்காய்த் தோலில் இடு.

மேசையில் வைத்தபின் நீண்ட குச்சியால் மூட்டு. எரிகிற கோப்பையைத் தூக்கி நடக்காதே. விருந்தினரைத் தொட விடாதே. தலைமயிர், சேலை, சால்வை விலகி இருக்கட்டும்.

எரியும்போதும் வார்க்காதே. அணைந்தபின்பும் வார்க்காதே. இன்னொன்று கேட்டால் இன்னொரு கோப்பை எடு.

ஊதி அணைக்காதே. உலோக மூடியால் மூடு. மூடியை எடுத்துப் பார்த்து, மறுபடியும் மூடு. விளிம்பு ஆறியபின்தான் குடிக்கக் கொடு.

தீப்போர்வையும் தீயணைக்கும் கருவியும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். உடுப்பிற் பற்றினால் ஓடாதே; நில், விழு, உருள்.

கையிற் சுட்டால் மோதிரத்தைக் கழற்று. ஓடுகிற குளிர்ந்த நீரில் 20 நிமிடம் பிடி. பற்பசை, நெய், உப்பு, பனிக்கட்டி ஒன்றும் பூசாதே. சுத்தமான துணியால் மூடி வைத்தியசாலைக்குப் போ.

உனக்கு விளங்காத எதையும் செய்யாதே. முதலாளியிடம் கேள். கேட்பது குற்றம் இல்லை."

கடைசி வரி அவன் சொன்னது. அதனை என் வகுப்பறைச் சுவரிலும் எழுதத் தீர்மானித்தேன்.

இலக்கணம் நோக்குவார்க்கு இத்தாளிற் குறை காண்டல் எளிது. நயமில்லை, தொடைவிகற்பமில்லை, ஓரிடத்தும் உவமையில்லை. 'மணி போல' என்பது ஒன்றுண்டு, அதுவும் அவனுடையது. ஆயினும் யான் எழுதியவற்றுள் ஒருவர் கைக்கு நேரே பயன்பட்டது இது ஒன்றே. கரையோரத்து விடுதியிலும், தொழிற்சாலையிலும், மருந்துப் போத்தலிலும், பூச்சிகொல்லிப் பெட்டியிலும் தமிழ் வாசிப்பார் நாள்தோறும் தமக்கு விளங்காத தாள்களின் முன் நிற்கின்றனர். அவர்க்கு எழுதுதல் தமிழாசிரியன் தொழில் அன்று என்று இனியும் யாம் ஒதுங்குவோமாயின், பாடமாக்கிய சொல்லோடு அவர் தீயிடம் போவர்.

கை ஆறி அவன் மீண்டும் ஊழியத்துக்குப் போய்விட்டான். சென்ற கிழமை கடிதம் எழுதியிருந்தான். தாளைச் சமையற்கூடத்துச் சுவரில் ஒட்டியிருக்கின்றார்களாம். முகக் கோப்பைகள் அனைத்தையும் தட்டிப் பார்த்ததில் ஐந்து மொட்டையாக ஒலித்தனவாம்; அவற்றில் இப்போது கறிவேப்பிலைக் கன்று வைத்திருக்கின்றானாம். முதலாளியும் ஒருவாறு இசைந்து, பல இரவுகளிற் பானத்துக்குத் தீ மூட்டாமல், அதன் அருகே தேங்காயெண்ணெய் அகல் ஒன்றை ஏற்றி வைக்கச் சொல்கின்றாராம். விருந்தினர் அதற்கும் கைதட்டுகின்றனராம்.

கடிதத்தில் மூன்று எழுத்துப் பிழைகள் இருந்தன. திருத்தி அனுப்பவில்லை.